புதுச்சேரியில் எழுந்த ஒரு மொழியொப்பீடு: கேர்துவின் ‘இருத்தல்’ வினை

முன்னுரை

இந்தோ-ஐரோப்பிய மொழியுறவு பற்றிய வரலாறு பெரும்பாலும் 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையிலிருந்தே தொடங்கப்படுகிறது. அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1767இல், இயேசு சபைத் துறவி கஸ்தோன் லொரான் கேர்து வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் புதுச்சேரியிலிருந்து பாரிசு அறிஞர்களுக்கு எழுதியனுப்பினார். அக்கட்டுரை 1808இல்தான் அச்சேறியது. முந்தியவர் யார் என்ற வினாவினும் அவர் கையாண்ட சான்றின் தன்மையே இங்கு ஆராயத்தக்கது.

சான்றின் வலிமை

கேர்து சொற்பட்டியலோடு நின்றுவிடவில்லை. ‘இருத்தல்’ என்னும் அடிப்படைக் கருத்தைக் குறிக்கும் வினையின் திரிபுகளை நிரல்படுத்தினார். வடமொழியின் அஸ்மி, அஸி, அஸ்தி, ஸந்தி என்பன இலத்தீனின் சும், எஸ், எஸ்ட், சுன்ட் என்பவற்றோடு இயைகின்றன. படர்க்கை ஒருமையில் நிற்கும் முதலுயிர் படர்க்கைப் பன்மையில் மறைவதே இங்கு நுட்பம். செர்மானியத்தின் இஸ்ட், ஸிண்ட் என்பவற்றிலும் இதே நிலை காணப்படுகிறது. இத்தகைய ஒழுங்கின்மை இருமொழிகளில் தற்செயலாக ஒத்துவருதல் அரிது.

கடனாலும் இது விளையாது. இதற்குத் தமிழே சான்று. ‘ந அஸ்தி’ என்பதன்வழி வந்த ‘நாத்திகம்’ தமிழில் வேரூன்றியது. ஆயினும் ‘அஸ்தி’யின் திரிபு வாய்பாடு தமிழுக்குள் வரவில்லை. தமிழ் தன் இரு, உள் ஆகிய வேர்களையே கையாள்கிறது. சொல் பெயரும், வாய்பாடு எளிதில் பெயராது.

வரம்புகள்

வணிகம், சமயம் முதலிய காரணங்களை எண்ணிப்பார்த்துப் பொதுத்தோற்றத்தைத் தேர்ந்தது கேர்துவின் சிறப்பு. அத்தோற்றத்தை விவிலியத்தின் யாப்பேத்து மரபோடு பிணைத்தது அவர் காலத்தின் எல்லை. ஒலியியைபு விதிகளை அவர் வகுக்கவில்லை. அவ்விதியின்றி மெய்யுறவையும் போலியுறவையும் பிரித்தல் இயலாது: இலத்தீன் ‘தெயுஸ்’ வடமொழித் ‘தேவ’ என்பதன் இனம், ஒலியால் இன்னும் நெருங்கித் தோன்றும் கிரேக்கத் ‘தெயோஸ்’ அதன் இனமன்று.

முடிவுரை

வினைத்திரிபொப்பீட்டை 1816இல் பிரான்சு பாப் முறைப்படுத்தினார். அதே ஆண்டில் எல்லிசு தென்னிந்திய மொழிகளின் தனியுறவைச் சென்னையில் நிறுவினார். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு தமிழை உலகமொழிகளோடு இணைக்கும் முயற்சிகள் இன்றும் தொடர்கின்றன. அவை கேர்து 1767இல் முன்வைத்த வாய்பாட்டுச் சான்றையேனும் எட்டுதல் வேண்டும்.