திவாலான பிரபுவின் குகைப் புத்தகம்

வரவு செலவுக் கணக்கு பார்த்தால் இதைவிட மோசமான புத்தகம் இருக்க முடியாது. பி.காம். படித்தவன், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

யோஹான் வைக்கார்ட் வல்வசோர் எழுதிய 'கார்னியோலா நாட்டின் பெருமை' 1689-ல் நியூரம்பெர்க்கில் அச்சானது. நான்கு வால்யூம், 3,500 பக்கங்களுக்கு மேல், 500-க்கும் அதிகமான படங்கள். எழுதி முடிப்பதற்குள் பிரபு கடனாளி ஆகிவிட்டார். 1690-ல் தன் நூலகத்தை ஸாக்ரெப் பிஷப்பிடம் விற்றார். பிறகு கோட்டையும் போயிற்று. 1693-ல் ஆசாமி காலி.

அப்படி என்னதான் எழுதினார்?

கார்னியோலா இன்றைய ஸ்லோவேனியாவின் ஒரு பகுதி. ஆல்ப்ஸ் மலையோரம் சுமார் 21 லட்சம் பேர் வாழும் குட்டி தேசம். மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கரைத்து, 14,000-க்கு மேற்பட்ட குகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இந்த மாதிரி நிலத்துக்கு உலகம் முழுக்க 'கார்ஸ்ட்' என்று பெயர். அந்தப் பெயரே அங்குள்ள ஒரு பீடபூமியிலிருந்து வந்ததுதான்.

வல்வசோர் குகைகளுக்குள் நேரில் போய்ப் பார்த்தார். புத்தகத்தின் பலம் இதுதான். பெருமழைக்குப் பின் ஊற்றிலிருந்து வெளியே வந்து விழும் ஒரு பிராணியை ஜனங்கள் டிராகன் குட்டி என்றார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஏதோ புழு பூச்சி என்று ஒதுக்கிவிட்டார் வல்வசோர். அது குகைக்குள்ளேயே வாழும் குருட்டு உயிரியான 'ஓல்ம்' என்பது பிற்பாடு தெரிந்தது.

டிராகனை நம்பாத மனிதரின் புத்தகத்தில் போஸ்டோய்னா குகைப் படத்தைப் பாருங்கள். சுண்ணாம்புத் தூண்களெல்லாம் பூதமாகவும் மிருகமாகவும் பல்லிளிக்கின்றன! புத்தி தைரியமாக இருக்கிறது, கைதான் நடுங்குகிறது. போதாக்குறைக்கு, அவர் பார்த்தது குகையின் முன்வாசல் மட்டும்தான். உள்ளே கிலோமீட்டர் கணக்கில் நீளும் பகுதிக்கு 1818-ல் வழி கண்டவர் லூகா செச் என்ற உள்ளூர்த் தொழிலாளி.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். செர்க்னிட்சா ஏரி மழைக்காலத்தில் நிரம்பும், கோடையில் காணாமல் போகும். மீன் பிடித்த இடத்திலேயே புல் அறுப்பார்கள். பூமிக்கடியில் தொட்டிகளும் வளைகுழாய்களும் இருப்பதாக வல்வசோர் ஒரு விளக்கம் தந்தார். லண்டன் ராயல் சொசைட்டியில் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரக்காரரேதான்) அதற்கு மாடல் செய்து காட்டினார். 1687-ல் வல்வசோரை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். விளக்கம் என்னவோ தப்பு. வரும் தண்ணீர் வடியும் தண்ணீரைவிட அதிகமானால் ஏரி, குறைந்தால் வயல். அவ்வளவே.

படம் மிகை, விடை தவறு. அப்புறம் ஏன் படிக்க வேண்டும்? கேள்வி சரியானது என்பதால். தரைக்குக் கீழே தண்ணீர் எங்கே போகிறது என்று பயப்படாமல் கேட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைத் திருத்த முடிந்ததே, திருத்துகிற அளவுக்கு விவரமாக அவர் எழுதி வைத்ததால்தான். மேம்போக்காக எழுதிய புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதுவே அதன் லட்சணம்.

எழுதியது ஜெர்மனில். முழுப் புத்தகமும் ஸ்லோவேனிய மொழிக்கு வந்து சேர 2013 ஆகிவிட்டது. தேசம் அதுவரை அவரை மறந்துவிடவில்லை. சுதந்திரம் கிடைத்த மறு வருடமே, 1992-ல், இருபது டோலார் நோட்டு அடித்து அதில் வல்வசோர் படத்தைப் போட்டார்கள்.

கையில் காசில்லாமல் செத்தவரைக் காசிலேயே போட்டார்கள். 2007-ல் யூரோ வந்து அந்த நோட்டும் செல்லாமல் போயிற்று. புத்தகம் இன்னும் செல்லுபடியாகிறது.