இரு நாட்டுக் கேக்கும் ஈர்க்குச் சோதனையும்

கேக் என்பது மேல்நாட்டுப் பண்டம் என்று சொல்லி விட்டுவிடுகிறோமேயன்றி, அது தமிழர் வீடுகளுக்குள் எவ்வழியாகப் பிரவேசித்தது, பிரவேசித்த பின் எத்தகைய மாறுதல்களை அடைந்தது என்பதை நாம் சிரத்தையுடன் ஆராய்வதில்லை. இலங்கைத் தமிழர் வீட்டுக் கேக்கும் தமிழ்நாட்டார் வீட்டுக் கேக்கும் பெயரளவில் ஒன்றாயினும், சேரும் பொருளிலும் செய்முறையிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்குவம் அறியும் முறையிலும் வெவ்வேறானவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் அவ்விரு நாடுகளிலும் அரிது. மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போ நகரிலோ, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பேக்கிங் சாமான் விற்கும் கடை மாடியில் நடக்கும் செய்முறை விளக்க வகுப்பொன்றில், வீட்டுச் சமையலுக்கு அப்பால் வேறு பயிற்சியில்லாத எனக்கு அது வாய்த்தது.

இதற்குக் காரணம் இம்மாநிலத்தின் சரித்திரத்தில் இருக்கிறது. 1877-இல் கோலாகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளில் தொடங்கிய ரப்பர்ப் பயிர் பின்னாளில் காடுகளையெல்லாம் தோட்டங்களாக்கியபோது, பால் வெட்டுவதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மூலமாக ஜனங்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் அவ்வரவு நீடித்தது. அதே காலப்பகுதியில், ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் உத்தியோகம் ஏற்று வந்தார்கள். மொழி ஒன்று, வழிபடும் முருகனும் ஒருவனே. ஆயினும் உத்தியோகத்தரின் குவாட்டர்ஸ் வீட்டு அடுக்களைக்கும் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்படிக்கும் இடையே இருந்த தூரம் சாமானியமானதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போகவே, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் பல தாமான் எனப்படும் நகர்ப்புறக் குடியிருப்புகளில் குடியேறின. இன்று அவ்விரு மரபினரின் பேத்திகளும் ஒரே மேசையைச் சுற்றி நின்று குறிப்பெடுக்கிறார்கள்.

இலங்கையில் கேக் வீட்டுச் சடங்கோடு ஒட்டிக்கொண்ட ஒன்று. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்ட அத்தீவில், பறங்கியர் சமையலும் கிறிஸ்தவ வீடுகளின் பண்டிகைப் பலகாரமும் அயலவருக்கும் பரிச்சயமாயின. போர்த்துக்கீசர் வழிவந்தது என்று சொல்லப்படும் லவ் கேக்கிற்கு ஆதாரம் மைதா அன்று, ரவை. அதனோடு பொடியாக நறுக்கிய முந்திரிப்பருப்பும், நீற்றுப்பூசணிக்காயைச் சீனிப்பாகில் இட்டுச் செய்த தோசியும், தேனும், பன்னீரும், சாதிக்காயும் ஏலமும் சேரும். மஞ்சட்கருவோ பத்துப் பன்னிரண்டு சேர்வது வழக்கம், பழைய வீட்டுக் குறிப்புகளில் 25 வரைக்கும் போவதுண்டு. 1929-இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்’ இத்தகைய பாகங்களை அச்சில் நிலைநிறுத்தியது. கலியாண வீட்டிலே அலங்கார அடுக்கு ஒரு புறம் நிற்க, விருந்தினர் கையில் கொடுத்தனுப்புவதற்கென்று உலர்பழங்கள் சேர்ந்த ரிச் கேக்கைச் சிறு துண்டுகளாக்கிக் காகிதத்திற் சுற்றிக் கட்டும் வேலைக்கு உறவுப் பெண்கள் கூடுவது அங்கே ஒரு சம்பிரதாயம். சைவ ஆசாரம் தவறாத யாழ்ப்பாணத்து வீடுகள் முட்டையை விலக்கியதும் உண்மையே. ஆனால் விலக்கிய வீடு பெரும்பாலும் கேக்கையே விலக்கிற்றேயன்றி, முட்டையில்லாத கேக்கொன்றைத் தேடிப் போகவில்லை.

இந்தியாவில் கேக் கடைச் சரக்காக அறிமுகமாயிற்று. தலைச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திவந்த மம்பள்ளி பாப்பு, அஞ்சரக்கண்டித் தோட்டத்து முதலாளி மர்டாக் பிரவுன் கொண்டுவந்து காட்டிய கேக்கைச் சுவைத்துப் பார்த்து, 1883-இல் அதைப்போல ஒன்றைத் தாமே செய்து கொடுத்தார் என்பது பிரசித்தமான வரலாறு. தமிழ்நாட்டிலும் இத்தொழிலின் மேன்மை கடைகளிலேயே விளங்கியது. முந்திரிப்பருப்பையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் மட்டுமே கொண்டு தூத்துக்குடி பேக்கரிகள் செய்யும் மக்ரூன் அதற்குத் தக்க சான்று. 1951-இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதிய காலத்தில், அந்நூல் உத்தேசித்த சைவக் குடும்பங்களின் அடுக்களையில் கேக்கிற்கு இடமில்லை. பின்னர் பிரஷர் குக்கரும் டின்னில் அடைத்த கெட்டிப்பாலும் பரவியபோது, அதே குடும்பங்களின் பெண்கள் முட்டையை நீக்கி, கெட்டிப்பாலும் தயிரும் சோடா உப்பும் சேர்த்து, குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, அடுப்பின்மேலேயே கேக்கை வேகவைக்கும் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். சௌகரியக் குறைவிலிருந்து பிறந்த இந்த உபாயத்தை எளிதாக எண்ணுவது நியாயமாகாது. ஆசாரமும் ஆசையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க வழி கண்டது அது.

வகுப்பை நடத்திய மூதாட்டி யாழ்ப்பாண வம்சத்தவர். ஈப்போவின் பிற்பகல் வெப்பத்தில் வெண்ணெய் நொடியில் உருகிவிடும் என்பதனால், அதைக் குழைக்கும் பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் அமர்த்தி, விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், ஆனால் மேற்பரப்பில் எண்ணெய் மினுங்கக் கூடாது என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் செய்தார். லவ் கேக்கிற்கான ரவையை வெண்ணெயோடு பிசைந்து ஊற வைத்தார். மஞ்சட்கருவும் சீனியும் வெளுத்துத் தடிக்கும்வரை அடித்தார். நுரைத்த வெள்ளைக்கருவைக் கடைசியில், அடியிலிருந்து மேலாகப் புரட்டி, நுரை உடையாமல் சேர்த்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த பெண்ணொருத்தி, “டீச்சர், பொறந்தநாளு வெள்ளிக்கிழமையில வந்தா, முட்டை போடாம இதையே செய்யலாமா?” என்று கேட்டாள். “முட்டை இல்லாட்டி அது வேற கேக், பிள்ளை, அதுக்கு வேற கணக்கு” என்றவர், அந்தக் கணக்கையும் மறைக்காமல் அதே மேசையில் மைதாவைக் கொண்டு செய்து காட்டினார்.

வேற்றுமையின் சாரம் அங்கேதான் பிரத்தியட்சமாயிற்று. முட்டைக் கேக்கில் எழுச்சியைத் தருவது நுரைக்குள் அடைபட்ட காற்று. நிதானமாகக் கை வேலை செய்தாலொழிய அது நிற்காது. முட்டையில்லாக் கேக்கிலோ தயிரின் புளிப்பும் சோடாவும் சந்தித்த கணத்திலேயே வாயு கிளம்பிவிடுவதால், கலந்த மாவைத் தாமதமின்றிச் சூட்டில் ஏற்றவேண்டும். முதலாவதில் அவசரம் பிழை, இரண்டாவதில் தாமதம் பிழை. ஈர்க்கைக் குத்திப் பார்க்கும் சோதனையும் அவ்வாறே இரண்டு தீர்ப்புகளை உடையது. மைதாக் கேக்கில் குத்திய ஈர்க்கு சுத்தமாக வெளிவந்தால்தான் வெந்தது என்று பொருள். லவ் கேக்கில் அது சுத்தமாக வந்தால் கேக் காய்ந்துவிட்டது என்று பொருள். 150 டிகிரி செல்சியஸ் அளவிலான மந்தச் சூட்டில், தட்டின் உட்புறம் பல மடிப்புக் காகிதம் விரித்து, மேலே பொன்னிறப் பொருக்கும் உள்ளே ஈரமுமாக அதை எடுக்கவேண்டும்; எடுத்த அன்றே தின்பதைக் காட்டிலும் மறுநாள் அதன் ருசி கூடும். கெட்டிப்பால் கேக்கோ நாட்செல்ல உலர்ந்துபோகும். செய்த அன்றே அதைப் பரிமாறுவது உத்தமம்.

பேராக்கும் தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்திருக்கிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசாரத்திற்கு மலாய் அண்டை வீட்டாரும் வருவார்களாகையால், ரிச் கேக்கின் பழங்களைப் பிராந்தியில் ஊறவைக்காமல் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கிறார்கள். ராத்தல் கணக்குச் சொன்ன பாட்டிமாரின் குறிப்பும், கப் கணக்குச் சொல்லும் தமிழ்நாட்டுக் குறிப்பும் இங்கே கிராமாக மாற்றப்பட்டுத் தராசில் நிறுக்கப்படுகின்றன.

ஆகவே, இவ்விரு வழக்குகளில் எது உயர்ந்தது என்று விவாதிப்பது பயனற்ற வேலை. ஒன்றின் விதியை மற்றொன்றில் பிரயோகிப்பதே குற்றம் என்பது என் அபிப்பிராயம். ரவைக் கேக்கை மைதாவின் சோதனையால் அளந்து, வேகவில்லையென்று மறுபடி அடுப்பில் வைப்பதும், முட்டையில்லாக் கேக்கை ஊறட்டும் என்று நாட்கணக்கில் மூடிவைப்பதும், புத்தகத்தை மட்டும் நம்பிச் செய்பவர்களுக்கு நேரக்கூடிய பிழைகள். பாகக் குறிப்பு அளவைச் சொல்லும், நேரத்தையும் சொல்லும். ஈர்க்கில் ஒட்டிய பிசுக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் காட்டித்தான் கற்கவேண்டும். தமிழ் வீடுகளின் இரண்டு கேக்குகளையும் ஒரே மேசையில் காட்டக்கூடியவர்கள் ஈப்போவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கற்பிக்கும் வரையில் போய்க் கற்றுக்கொள்வது இங்குள்ள நமக்குச் சாத்தியமான காரியம்.