ஒரு குளம், இரு காட்சி: சித்தன்னவாசல் விதான ஓவியத்தின் வழியே அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்களில் பெற்றோர் சுவை

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் குழந்தைப் பாடல்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அறக்கருத்து, சொல்லெளிமை, வயதுப்பொருத்தம் ஆகிய மூன்று அளவுகோல்களைக் கொண்டே நிகழ்ந்துள்ளன. பாடலைக் குழந்தையிடம் கொண்டுசேர்க்கும் பெரியவரின் சுவை இவற்றில் இடம்பெறுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் சிலவற்றை இக்கட்டுரை ஒலிநிலையிலும் பொருள்நிலையிலும் ஆராய்கிறது. குழந்தையும் பெற்றோரும் ஒருங்கே துய்க்கும் பாடலின் இயல்பை வரையறுக்க, அதே மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசல் தாமரைக்குள ஓவியம் ஓர் ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைப் பாடல், இணை விளிப்பு, வள்ளியப்பா, சித்தன்னவாசல், இயைபு, சோமசுந்தரப் புலவர்

முன்னுரை

எழுத்தறியாக் குழந்தைக்கு உரிய பாடல் தானாக அதனைச் சென்றடைவதில்லை. தாயோ தந்தையோ பாட்டியோ ஆசிரியரோ வாய்திறந்து பாடினால்தான் அது குழந்தைக்குக் கிடைக்கும். பாடுபவர் ஒரே பாடலை ஒரு நாளில் பத்து முறையும் பாட நேர்கிறது. அவருக்குச் சலிப்பூட்டும் பாடல் விரைவில் வீட்டிலிருந்து மறைந்துவிடும். எனவே பெற்றோரின் சுவை குழந்தைப் பாடலுக்குப் புறத்தேயிருந்து வந்து சேரும் அணிகலன் எனக் கருத இயலாது. பாடலின் நிலைபேற்றையே அது முடிவுசெய்கிறது. இவ்வுண்மை வெளிப்படையானது, எனினும் திறனாய்வில் போதிய கவனம் பெறவில்லை. குழந்தைப் பாடல் தொகுதி ஒன்றனை ஆராய்வோர் அதில் ஒற்றுமை, தூய்மை, நாட்டுப்பற்று முதலியன எத்தனை பாடல்களில் இடம்பெறுகின்றன என எண்ணிக் கூறுவதோடு அமைகின்றனர். அப்பாடல் ஏன் மீண்டும் மீண்டும் பாடப்படுகிறது என்னும் வினா விடையின்றி எஞ்சுகிறது.

இருநிலை வாசகர்: கோட்பாட்டுப் பின்புலம்

சோஹர் ஷவிட் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை இலக்கியக் கவிதையியல் நூலில், குழந்தையைப் பெயரளவு வாசகராகக் கொண்டு பெரியவரின் ஏற்பை நாடும் பனுவல்களை ஈரியல்புப் பனுவல்கள் என வகைப்படுத்தினார். பார்பரா வால் 1991ஆம் ஆண்டு நூலில் கதைசொல்லியின் குரலை மூவகையாகப் பிரித்தார். குழந்தையை மட்டும் நோக்கிப் பேசுவது ஒற்றை விளிப்பு. குழந்தையிடம் பேசுவதுபோல் காட்டி அதன் தலைக்கு மேலாகப் பெரியவரிடம் பேசுவது இரட்டை விளிப்பு. இருவரையும் நிகராக மதித்து ஒரே சொல்லால் இருவருக்கும் உரைப்பது இணை விளிப்பு. இம்மூன்றனுள் இறுதி வகையே அரிது என்பது அவர் கருத்து.

இவ்விருவரும் பெரிதும் அச்சிட்ட கதையையே நோக்கினர். தமிழ்ச் சூழலில் குழந்தைப் பாடல் முதற்கண் வாய்வழிப்பட்டது. இங்குப் பெரியவர் வாசகர் என்னும் நிலையைக் கடந்து நிகழ்த்துநராகிறார். பிள்ளைத்தமிழ் மரபு இதற்கு மறுதலையான ஒரு நிலையைக் காட்டுகிறது. பெரும்பாலான பருவங்களில் விளிக்கப்படுவது குழந்தையே. ஆனால் அதன் சொல்வளத்தையும் சந்தத்தையும் துய்ப்பவர் கற்ற பெரியவர் மட்டுமே. 20ஆம் நூற்றாண்டுக் குழந்தைப் பாடல் இதனைத் தலைகீழாக்கிக் குழந்தையை உண்மையான கேட்பவராக்கியது. அம்மாற்றத்தில் பெரியவர் துய்ப்பு இழக்கப்பட்டதா, வேறு வடிவில் தங்கியதா என்பதே ஆராயத்தக்கது.

சித்தன்னவாசல்: ஒப்புமையும் அதன் எல்லையும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள சித்தன்னவாசல் அறிவர்கோயிலின் அர்த்தமண்டப விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று வரையப்பட்டுள்ளது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினான் என்பதை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. மங்கிவிட்ட இன்றைய நிலையிலும் அக்குளத்தில் தாமரை மலர்களும் இலைகளும் மீன்களும் நீர்ப்பறவைகளும் யானைகளும் எருமைகளும் தென்படுகின்றன. மலர் பறிக்கும் ஆடவர் மூவருள் இருவர் அருகருகே நிற்க, ஒருவர் தனித்து நிற்கிறார்.

சமண மரபறிந்தோர்க்கு இது சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய காதிகாபூமி. மலர் பறிப்போர் அருகனின் அறவுரை கேட்கச் செல்லும் பவ்வியர். மரபறியாதவர்க்கும் சிறார்க்கும் அது மீனும் யானையும் நிறைந்த குளம். இங்கு இரண்டாம் காட்சி முதற்காட்சியைப் பொய்யாக்கவில்லை. சமண விளக்கம் அறிந்தவரும் மீனை மீனாகவே காண்கிறார். அறியாதவர் கண்ட குளமும் பிழையன்று. மேலும் எல்லா உயிர்களும் கூடும் இடம் சமவசரணம் என்பதால், விலங்கும் பறவையும் அதன் பொருளுக்கே அடித்தளமாகின்றன. சிறுவர் மகிழும் அதே உருவங்கள் மீதுதான் அறிந்தோரின் பொருள் நிற்கிறது.

இவ்வோவியம் குழந்தைகளுக்கென வரையப்பட்டதன்று. வள்ளியப்பாவின் ஊரும் இக்குன்றும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பது கொண்டு தாக்கம் எதனையும் நிறுவ இயலாது. ஒரு பனுவலில் இரு சுவைகள் ஒன்றையொன்று அழிக்காமல் அமையக்கூடும் என்பதற்கான சான்றாக மட்டுமே இது கொள்ளப்படுகிறது. இதிலிருந்து இரு அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, பெரியவர்க்குரிய பொருள் குழந்தைக்குரிய பொருளின்மீது நிற்றல் வேண்டும். மற்றொன்று, குழந்தையின் அறியாமை பெரியவரின் நகைப்புக்குப் பொருளாகலாகாது.

வள்ளியப்பாவும் குழந்தை இதழ்ச் சூழலும்

அழ. வள்ளியப்பா (1922–1989) சென்னையில் வை. கோவிந்தனின் சக்தி அலுவலகத்தில் பணிதொடங்கிப் பின்னர் இந்தியன் வங்கியில் பணியாற்றினார். கோவிந்தனும் இராயவரத்தைச் சேர்ந்தவரே. 1944இல் வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. பாலர் மலர், டமாரம், சங்கு ஆகிய இதழ்களின் கௌரவ ஆசிரியராக இருந்த அவர், 1951 முதல் 1954 வரை பூஞ்சோலை இதழின் ஆசிரியராக விளங்கினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியதில் அவர் பங்கு முதன்மையானது. பகலில் வங்கிக் கணக்கும் எஞ்சிய பொழுதில் குழந்தைப் பாடலுமாக வாழ்ந்த இவர்தம் பாடல்களில் எண்ணிக்கையும் பங்கீடும் இயல்பாக வந்தமைவது நோக்கத்தக்கது.

ஒலிநிலை: தட்டும் லட்டும்

தட்டு நிறைந்த லட்டுகளை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துண்ணும் பாடல் தமிழ்நாட்டு மழலையர் வகுப்புகளில் பரவலாகப் பாடப்படுவது. இதன் அடிகள் அனைத்தும் ‘ட்டு’ என்னும் ஒலியில் முடியும் சொற்களைக் கொண்டு இயல்கின்றன. தட்டு, லட்டு, எட்டு, பட்டு, கிட்டு என்னும் சொற்களில் இறுதி ஒலியே இரண்டாம் எழுத்தின் ஒலியாகவும் அமைந்துவிடுகிறது. அதனால் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும் அடியிறுதி ஒன்றும் இயைபும் ஒரே இடத்தில் கூடுகின்றன. மரபுச் செய்யுளில் தனித்தனியே நிகழும் இரு தொடைகள் இங்கு ஒரே ஒலித்துண்டில் ஒடுங்குகின்றன.

இச்சொற்கள் வன்தொடர்க் குற்றியலுகரங்கள். இறுதி உகரம் தன் மாத்திரையிற் குறைந்து ஒலிப்பதால் அழுத்தம் முழுவதும் வல்லின இரட்டிப்பில் விழுகிறது. கைதட்டும் இடமும் அதுவே. விரைந்து பாடினால் நாப்பிறழ்ச்சி நேரும். குழந்தைக்கு அது விளையாட்டு. பாடும் பெரியவர்க்கோ ஓர் அறைகூவல். தடுமாறும் பெரியவரைக் கண்டு குழந்தை சிரிக்கும் வாய்ப்பைப் பாடலே தருகிறது. இரட்டை விளிப்பில் பெரியவர் குழந்தையின் தலைக்கு மேலாகச் சிரிப்பார். இங்குச் சிரிப்பின் திசை மாறுகிறது.

பொருள்நிலையிலும் இவ்வொலியே வினைபுரிகிறது. எட்டில் பாதியை ‘விட்டு’ எஞ்சியதை அண்ணன் எடுக்கிறான். அவன் விட்ட பாதி தங்கைக்கு உரியதாகிறது. முதலில் விட்டுவைத்துப் பின்னர் எடுத்தல் என்னும் இவ்வொழுங்கை இயைபின் தேவையே கொண்டுவருகிறது. பகிர்ந்துண்ண வேண்டும் என்னும் அறிவுரை பாடலில் எங்கும் இல்லை. அண்ணனுக்கு நான்கு, தங்கைக்கு நான்கு, இறுதியில் வெறுந்தட்டு எனக் கணக்கு நேராகிறது. உடன்பிறந்தாரிடையே தின்பண்டம் பங்கிட்ட பெற்றோர் எவரும் இந்நேர்மையின் அருமையை அறிவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்பதை எண்ணிப்பார்க்கும் நிலையில் இருப்பவரும் பெரியவரே. குழந்தை எட்டு வரை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையின்மீதே பெரியவரின் பொருள் நிற்கிறது.

பொருள்நிலை: விற்பவன் குரலும் கொடுப்பவன் குரலும்

மல்கோவா மாம்பழம் குறித்த பாடலில் தொடக்க அடிகள் ஒவ்வொன்றும் மாம்பழம் என்னும் சொல்லிலேயே முடிகின்றன. இனப்பெயர், சேலம் என்னும் ஊர்ப்பெயர், சுவை, நிறம் என அடைகள் அடுக்கப்படும் முறை தெருவில் கூவி விற்பவரின் நடை. வேண்டுமா என்னும் வினாவும் வணிகரின் வினாவாகவே ஒலிக்கிறது. அடுத்து விலை வரும் என எதிர்பார்க்கும் இடத்தில், ஓடிவந்து பங்கிட்டு உண்ணலாம் என்னும் அழைப்பு வருகிறது. விற்பனைக் குரலாகத் தொடங்கியது விருந்தோம்பும் குரலாக முடிகிறது.

குழந்தைக்கு இத்திருப்பம் திருப்பமாகத் தோன்றாது. பழம் கிடைக்கும் என்பதே அதற்குப் போதும். விலை கொடுத்துப் பழம் வாங்கும் பெரியவரே எதிர்பார்ப்பு முறிவதை உணர்கிறார். எனினும் அவ்வுணர்வு குழந்தையின் மகிழ்ச்சிக்குப் புறம்பானதன்று. இருவரும் ஒரே அழைப்பையே ஏற்கின்றனர். இணை விளிப்புக்குத் தமிழில் காட்டத்தக்க செவ்விய சான்று இது எனலாம்.

வள்ளியப்பாவின் எல்லாப் பாடல்களும் இந்நிலையை எய்தவில்லை. நற்பழக்கங்களை ஏவல் வினைகளால் அடுக்கும் பாடல்களில் குழந்தை ஏவப்படுபவராகவும் பெரியவர் ஏவுபவராகவும் பிரிந்துவிடுகின்றனர். அங்குப் பெரியவர்க்குக் கிடைப்பது மேற்பார்வையிடும் நிறைவு மட்டுமே. ‘பாட்டிலே காந்தி கதை’ வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. காந்தியடிகளை நேரிற் கண்ட, அல்லது அவர் காலத்தில் வாழ்ந்த பெற்றோர்க்கு அந்நூல் தம் நினைவோடு கலந்தது. இன்றைய பெற்றோர்க்கு அந்நினைவு இல்லை. குழந்தையைப் போலவே அவரும் செய்தியாகவே அதனைப் பெறுகிறார். இரண்டாம் காட்சி காலத்தால் மங்கக்கூடும் என்பதற்கு இது சான்று. லட்டுப் பாடலின் பெரியவர் சுவை ஒலியிலும் வீட்டு அனுபவத்திலும் வேரூன்றியதால் மங்காமல் நிற்கிறது.

ஈழத்து ஒப்பீடு

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாடல் வேறொரு வழியில் இவ்விணைவை எய்துகிறது. பள்ளி விடுமுறையின் மகிழ்ச்சியோடு தொடங்கும் இப்பாடல், பயறு வறுத்தல், அரிசி இடித்தல், தேங்காய் துருவுதல் எனக் கொழுக்கட்டையும் கூழும் ஆக்கும் முறையைக் கும்மி நடையில் படிப்படியாக விவரிக்கிறது. குழந்தைக்கு அது உண்ணப்போகும் பண்டம். பெரியவர்க்குச் செய்யத் தெரிந்த வேலை. செய்முறையின் பதம் அறிந்தவரே அவ்வரிசையின் துல்லியத்தைச் சுவைக்க முடியும். இடம்பெயர்ந்து வாழும் ஈழத்தமிழர்க்கு அப்பாடல் ஊர் நினைவாகவும் மாறியது. வள்ளியப்பாவிடம் பெரியவர் சுவை பெரிதும் ஒலியிலும் குரல்மாற்றத்திலும் பிறக்க, புலவரிடம் அது தொழிலறிவிலும் நினைவிலும் பிறக்கிறது.

பாடும் வாய் இன்றிப் பாடல்

சித்தன்னவாசலுக்கு அணித்தேயுள்ள குடுமியான்மலையில் ஏறத்தாழ 7–8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக்கல்வெட்டு உள்ளது. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய மன்னன் ஒருவன் மாணாக்கர் நலத்திற்காக இதனைச் செய்தான் என அக்கல்வெட்டே கூறுகிறது. ஏழு பண்களுக்குரிய சுர எழுத்துகள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. கற்போர்க்கென்றே வெட்டப்பட்ட அப்பனுவல், பாடிக்காட்டும் ஆசிரியரின்றி முழுமை பெறாது. குழந்தைப் பாடலும் அத்தகையதே. அச்சிலுள்ள வரிகளுக்கு நிலைத்த மெட்டு இல்லை. பாடுபவரின் விரைவும் நிறுத்தமும் தடுமாற்றமும் அதன் பகுதிகள்.

இன்று இப்பாடல்கள் அசைவூட்டப் படங்களாகத் திரைகளில் ஒலிக்கின்றன. மெட்டும் விரைவும் அங்கு உறைந்துவிடுகின்றன. பெற்றோர் பாடுநர் நிலையிலிருந்து பார்வையாளர் நிலைக்குப் பெயர்கிறார். தடுமாறாத குரலைக் கேட்டுச் சிரிக்கக் குழந்தைக்கு வாய்ப்பில்லை. பாடல் அழியவில்லை, அதன் ஒரு காட்சி மட்டும் அகன்றுவிட்டது. பயணத்திலும் தனித்து வாழும் குடும்பங்களிலும் திரைப்பாடல் பயன்படுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றோரும் துய்ப்பதற்கென இன்று ஆக்கப்படும் பாடல்கள் இசைக்கருவிப் பெருக்கத்தையே நம்புகின்றன; பாடும் வாய்க்கு வேலை தருவனவாக அவை அமைவது அரிது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. குழந்தைப் பாடலில் பெற்றோர் சுவை என்பது பாடலின் நிலைபேற்றுக்கான காரணம். அச்சுவை குழந்தையின் சுவைமீது நிற்கும்போதே இணை விளிப்பு உருவாகிறது. லட்டுப் பாடலில் எதுகையும் இயைபும் ஒன்றுகூடிய ஒலியமைப்பு அறத்தையும் தன்னுள் கொண்டுவருகிறது. மாம்பழப் பாடலில் குரலின் திருப்பம் அதனைச் செய்கிறது. ஏவல் மிகுந்த பாடல்களில் இவ்விணைவு நேர்வதில்லை. ஆகவே அறக்கருத்துகளை எண்ணிக் காட்டும் ஆய்வுமுறை, வள்ளியப்பாவின் மெலிந்த பாடல்களை உயர்த்தியும் வலிய பாடல்களை வெறும் விளையாட்டெனத் தாழ்த்தியும் மதிப்பிடும் இடருக்கு உள்ளாகிறது.

குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாதல் வேண்டும் என்பது வள்ளியப்பாவின் நீண்டநாள் வேண்டுகோள். அப்பாடத்தில் அச்சிட்ட வரிகளோடு, ஒரே பாடலை வெவ்வேறு வீடுகளில் பெரியவர்கள் பாடும் முறைகளும் பதிவு செய்யப்பட்டு ஆராயப்பெறுதல் வேண்டும். எவ்வடியில் விரைகின்றனர், எங்கு நிறுத்துகின்றனர், எச்சொல்லை மாற்றுகின்றனர் என்பன தொகுக்கப்பட்டால், குழந்தைப் பாடலின் யாப்பை அது வாழும் இடத்திலேயே வரையறுக்க இயலும்.