கல்லடி வாங்கும் தகடு

பழைய ஏர்ஸ்ட்ரீம் பயண டிரெய்லர் என்றால் அதன் அலுமினியப் பளபளப்பைத்தான் அமெரிக்காவில் எல்லோரும் ரசிக்கிறார்கள். முன் ஜன்னலுக்கு மேல் கீலில் தொங்கும் கல் தடுப்பைக் கவனிப்பவர் குறைவு. இழுத்துப்போகும் வண்டியின் டயர் தெறிக்கவிடும் சரளைக்கல்லை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான்.

அதைப் பழுதுபார்க்கும் நேர்த்தி தனி அழகு! அக்ரிலிக் தகட்டில் விரிசல் ஓடியிருந்தால் அதன் நுனியில் பொடித் துளை ஒன்று போடுவார்கள்; விரிசல் மேலே ஓடாது. பிறகு ஊசிக்குழலால் நீர்த்த அக்ரிலிக் பசையை ஒரு சொட்டு விட்டால், அது இடுக்குக்குள் தானே ஊர்ந்து வெள்ளைக் கோட்டை மெல்ல மங்கவைக்கும். நன்றாகக் காய்ந்ததும் 2000 எண் உப்புத்தாள், தண்ணீரோடு. தேய்க்கத் தேய்க்கக் கரகரப்பு அடங்கி, விரல் வழுக்கும் பதம் வரும்.

துடைப்பதற்கு அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் மட்டும் ஆகாது, மயிரிழை வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீரும் மென்துணியுமே போதும்.