ஒட்டுக்கேட்கும் கலை

2012 வாக்கில் சீனாவிலிருந்து வந்து குவிந்த மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் ஆல்வின்னர் ஏ10 அல்லது ஏ13 சிப்தான் இருந்தது. பெட்டியின் மேல் ஆளுக்கொரு பெயர். உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்கு. அவற்றில் டெபியன் லினக்ஸ் டெஸ்க்டாப்பை ஓட்டிக் காட்டுவதை வேலையற்ற வேலை என்பார்கள். ஒற்றை கோர் செயலியும் 512 எம்பி நினைவகமும் உள்ள ஏ13 டேப்லெட்டில் பிரவுசரைத் திறந்தால் மூச்சு வாங்கும், உண்மைதான். ஆனால் ரசிக்க வேண்டியது டெஸ்க்டாப்பை அல்ல, அது அங்கே வந்து சேர்ந்த வழியை.

சிப் விழித்ததும் முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். கார்டில் 8 கிலோபைட் தள்ளி உரிய அடையாளம் இருந்தால் அதையே ஓட்டும். ஆண்ட்ராய்டைத் தொடவே வேண்டாம். இன்னொரு விசேஷம், கார்டு செருகும் துளையின் இரண்டு பின்களையே சீரியல் போர்ட்டாக மாற்றிவிடலாம். டேப்லெட்டைப் பிரிக்காமலே கெர்னல் சொல்வதை வரிவரியாகப் படிக்கலாம்!

ஆனாலும் உச்சம் லிமா டிரைவர்தான். இந்தச் சிப்புகளிலுள்ள மாலி-400 கிராஃபிக்ஸுக்கு ஆர்ம் நிறுவனம் மூல நிரல் தராத நூலகத்தை மட்டுமே கொடுத்தது. அதற்கு மாற்றாக லிமாவைத் தொடங்கிய நிரலாளர் லூக் வெர்ஹேகன் அந்த நூலகத்துக்கும் கெர்னலுக்கும் நடுவே ஒரு சிறு நிரலைச் செருகி, போவதையும் வருவதையும் பதிவுசெய்தார். இந்த வழியில், ஒரு முக்கோணம் வரையச் சொல்லிப் பதிவெடுக்கலாம். அதன் நிறத்தை மட்டும் மாற்றி இன்னொரு பதிவெடுக்கலாம். இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ, நிறம் அங்கேதான் இருக்கிறது. பிறகு நூலகமே இல்லாமல் அந்தக் கட்டளைகளைச் சிப்புக்கு நேரே அனுப்பினால் அதே முக்கோணம் திரையில் வர வேண்டும். வந்தால் புரிந்துகொண்டது சரி. உளிபோல ஒரே கருவி, எல்லையற்ற பொறுமை. முனைகளைக் கணக்கிடும் செயலிக்கும் புள்ளிகளுக்கு வண்ணம் தரும் செயலிக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதிகள் என்பதால் உழைப்பும் இரட்டிப்பு. அந்தக் கட்டளைகளைப் பிரித்தறிவதில் நிரலாளர் கானர் அபாட்டின் பங்கு பெரிது.

2012இல் பிரஸ்ஸல்ஸின் ஃபோஸ்டெம் மாநாட்டில் லிமா அறிமுகமானது. அடுத்த ஆண்டே குவேக் 3 விளையாட்டு அதில் ஓடியது. பிறகு நீண்ட தேக்கம். வேறு கைகள் எடுத்து முடித்து, 2019இல் லினக்ஸ் 5.2 கெர்னலில் சேர்ந்தது. அதற்குள் அந்த டேப்லெட்டுகள் கடைகளிலிருந்தே போய்விட்டன. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்றும் ஒரு முடிச்சு மிச்சம். அந்த டேப்லெட்டுகள் பலவற்றிலுள்ள சைலீட் தொடுதிரைக்கு, மாடலுக்கு மாடல் மாறும் ஃபர்ம்வேர் வேண்டும். அது பழைய ஆண்ட்ராய்டுக்குள்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டை அழிப்பதானால், அதற்கு முன் ஃபர்ம்வேரை நகலெடுத்து வைத்துவிடுங்கள்.