தூரத்தில் இருந்து சேரும் ஓசை

நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்து, வீட்டிலேயே பதிவுசெய்து கோர்க்கும் சோதனை இசையில் என்னைக் கவர்வது அதன் தாமதம்தான். உதாரணமாக, இலங்கையின் திருக்கோவில் ஊருக்கும் கனடாவின் ரொறொன்ரோவுக்கும் இடையில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளியே அதைக் கடக்க 70 மில்லி செக்கன் எடுக்கும். அவ்வளவு பிந்தினால் தாளம் பிசகும், சேர்ந்து வாசிக்க முடியாது. ஆகவே ஒருவர் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, உடுக்கைப் பதிந்து அனுப்புகிறார். மற்றவர் ஹெட்போனில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இரண்டு அடிகளுக்கு நடுவே இடம் தேடித் தன் குரலை வைக்கிறார். சத்தம் போடுவதை விடக் கேட்பதற்கே இங்கே அதிக நேரம் போகிறது.

முகம் பாராமல் இசை ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. கல்முனைப் பக்கத்துப் பொல்லடி ஆட்டத்தில் எதிரே நிற்பவரின் பொல்லு விழும் கணத்தில் நம் பொல்லும் அங்கே இருக்கவேண்டும். தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திப் பாடலுக்குக் கூட்டம் வேண்டும். அவற்றை இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் அடுக்கடுக்காகக் கட்டும் இசை வேறு கலை. லொஸ் ஏஞ்சல்ஸில் ஜிம்மி தம்பொரெல்லோ செய்த மின்னணுத் தாளங்கள் தபாலில் சியாட்டிலுக்குப் போக, பென் கிப்பார்ட் அவற்றின்மேல் பாடினார். அப்படி உருவான ‘கிவ் அப்’ என்ற இசைத்தொகுப்பு 2003இல் வந்தது. ‘போஸ்ரல் சேர்விஸ்’ என்று தங்கள் குழுவுக்கே தபாலின் பெயரை வைத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதுகிறவர் யோசித்து எழுதுவார். அந்த நிதானம் அந்தப் பாட்டுகளில் கேட்கிறது.