கொன்றவன் யார், கிடப்பவன் யார்?
ஷெஹான் கருணாதிலக்கவை மாத்தளையிலிருந்து வாசித்தல்

தமிழ்வாணனின் சங்கர்லாலும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் மாத்தளை நகரத்து முஸ்லிம் வீடுகளுக்குள் வாடகைப் புத்தகங்களாக வந்துபோன காலமொன்று இருந்தது. பல கைமாறி வந்த அப்புத்தகங்களில் கடைசித் தாள் கிழிந்துபோயிருப்பது வழமை. கொலையாளி யாரென்று அறிய, முன்னரே படித்த ஒரு மாமியையோ நானாவையோ தேடிப்போக வேண்டியிருக்கும். நான் அப்படி மர்மக்கதைகளில் ஊறிக்கிடந்த 1989ஆம் ஆண்டில்தான் எங்கள் பகுதி வீதியோரங்களில் டயரிட்டு எரிக்கப்பட்ட உடல்கள் கிடந்தன. கடையை மூடு என்று இரவில் துண்டு வரும். திற என்று பகலில் துப்பாக்கி வரும். வாப்பா இரண்டுக்கும் நடுவே ஒரு பலகையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பார். கொன்றது யார் என்று அப்போது எவரும் கேட்கவில்லை. அது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரிந்து கிடப்பவன் யாருடைய பிள்ளை என்பதுதான் தெரியாதிருந்தது.

‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேய்டா’ நாவலை இந்த நினைவோடுதான் வாசிக்க நேர்ந்தது. 2022 ஒக்டோபரில் புக்கர் பரிசு பெற்ற இந்நாவலை அரசியல் மர்ம நாவல் என்று வகைப்படுத்துவதில் தவறில்லை. ஒரு கொலை, மறைத்து வைக்கப்பட்ட புகைப்படங்கள், அவை வெளிவந்தால் கவிழக்கூடிய பெரிய மனிதர்கள், ஏழு இரவுக் கெடு. வாடகைப் புத்தக வாசகனுக்கு வேண்டிய அனைத்தும் உண்டு. துப்பறிபவன் மட்டும் கொலையுண்டவனே.

கருணாதிலக்க 1975இல் காலியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், நியூசிலாந்தில் கற்றவர். விளம்பர நிறுவனங்களுக்கு வாசகம் எழுதிச் சம்பாதித்தார், ராக் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தார். விளம்பரக்காரரின் சுருக்கமும் குத்தலும் அவரது உரைநடையில் இன்றும் உண்டு. சில இடங்களில் அது அளவை மீறியும் போகிறது. கையெழுத்துப் பிரதியாகவே 2008ஆம் ஆண்டுக்கான கிரேஷன் பரிசைப் பெற்ற ‘சைனாமன்’ 2010இல் அவரது சொந்த வெளியீடாக வந்தது. குடியால் ஈரல் கெட்ட ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர், காணாமற்போன பிரதீப் மெத்தியு என்ற தமிழ்ப் பந்துவீச்சாளனைத் தேடும் கதை அது. கிரிக்கெட் நாவல் என்றே பலர் அதனைக் கடந்துபோயினர். உண்மையில் அதுவும் காணாமற்போனவனைப் பற்றிய நாவலே.

அடுத்த நாவலுக்குப் பத்தாண்டு சென்றது. 2009இல் போர் முடிந்தபின், எத்தனை பேர் இறந்தார்கள், பழி யாருடையது என்று நாடு தர்க்கித்துக்கொண்டிருந்த வேளையில், இறந்தவர்களையே பேசவிட்டால் என்ன என்று தமக்குத் தோன்றியதாக அவர் கூறியிருக்கிறார். 2020இல் இந்தியாவில் ‘சட்ஸ் வித் த டெட்’ என்ற பெயரில் வெளிவந்த பிரதி, பெரிதும் திருத்தப்பட்டு 2022இல் இலண்டனில் இப்போதைய பெயருடன் வந்தது.

நாவலின் களம் 1989-90 காலத்துக் கொழும்பு. போர்ப் புகைப்படக்காரனும் சூதாடியுமான மாலி கண்விழிக்கும்போது இறந்துபோயிருக்கிறான். மறுமை அவனுக்கு விசா அலுவலகம் போலக் காட்சி தருகிறது: வரிசை, படிவம், கூச்சல். உடல் பேரை வாவியில். ஏழு இரவுகளுக்குள் தன்னைக் கொன்றது யார் என்று அறியவும் வேண்டும், கட்டிலுக்கடியில் ஒளித்த படங்களை நண்பர்கள் கையில் சேர்க்கவும் வேண்டும். 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் நிழல் மாலியில் விழுந்திருக்கிறது. மறுமையில் அவனுக்கு வழிகாட்ட வரும் கலாநிதி ராணி, 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவூட்டுபவர். கதை முழுவதும் ‘நீ’ என்றே முன்னிலையில் சொல்லப்படுகிறது. தமிழில் இறந்தவன் தன்னையே ‘நீ’ என்பானா, ‘நீங்கள்’ என்பானா? மொழிபெயர்ப்பாளர் முதல் வரியிலேயே தீர்மானித்தாக வேண்டிய சங்கடம் அது.

பர்ஸகில் நம்பிக்கையுள்ள வாசகர் இந்த மறுமையைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். நான் சுளிக்கவில்லை. ஆசிரியர் மார்க்கம் பேசவில்லை. பிணத்தின் மீது அரசு கொள்ளும் உரிமையைப் பேசுகிறார். 2020 மார்ச் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு அதனை விளக்கத் தேவையில்லை.

முடிவைச் சொல்லாமல் இந்நாவலை விமர்சிக்க முடியாது. படிக்காதவர்கள் இங்கு நிறுத்திக்கொள்ளலாம். மாலியைப் படையினர் கொல்லவில்லை. இயக்கங்களும் கொல்லவில்லை. அவன் நேசித்த இளைஞனின் தந்தை, அமைச்சரவையிலிருக்கும் தமிழர் ஸ்டான்லி தர்மேந்திரன், மகனை அவனிடமிருந்து பிரிப்பதற்காகக் கொல்விக்கிறார். முதல் வாசிப்பில் எனக்குக் கோபமே வந்தது. நாடே பிணக்காடாகக் கிடக்கையில், இத்தனை பக்கங்கள் ஓடி ஒரு குடும்பப் பிரச்சினையில் வந்து நிற்பதா? அமைச்சரவையின் ஒரே தமிழரைக் கொலையாளியாக்கியது தற்செயலா? பிந்திய கேள்விக்கு இன்றும் எனக்குத் திருப்தியான பதில் இல்லை.

முந்திய கேள்வியில் என் கருத்து மாறிவிட்டது. மாற்றியது ஊர் ஞாபகம்தான். அந்த வருடங்களில் மாத்தளைக் கிராமங்களில் இறந்த எல்லோரும் அரசியலுக்காக இறக்கவில்லை. வேலித் தகராறு, காதல் பகை, கடைப் போட்டி, பள்ளிக்கூடத்துப் பொறாமை. ஒரு பெட்டிசம் போதுமாயிருந்தது. பெயரை எழுதிக் கொடுத்தவன் வீட்டில் தூங்கினான். மிகுதியை வாகனத்தில் வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நாவலிலும் அப்படித்தான். தந்தையின் சொந்த வஞ்சம் கொல்கிறது. பிணமோ, மற்றெல்லாப் பிணங்களையும் அப்புறப்படுத்தும் அதே கூலிகளின் கைக்குப் போகிறது. கொலை இயந்திரம் ஒன்று தயாராக நிற்கும் நாட்டில் எவருடைய வஞ்சமும் அதில் ஏறிச் செல்லலாம் என்பதை எந்தச் சர்வதேச அறிக்கையிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. பலவீனம் என்று நான் குறித்துவைத்த இடமே நாவலின் பலம்.

குறையென்று சொல்வதாயின் காஸிமைச் சொல்வேன். விசாரணைக்கு வரும் இரு பொலிஸ்காரரில் ஒருவன் முஸ்லிம். மனம் உறுத்தும், ஆனால் வேலையை விடமாட்டான். கொழும்புச் சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோர்க்கும் வீடும் தாயும் படுக்கையறையும் கொடுத்த ஆசிரியர், காஸிமுக்குச் சீருடையை மட்டும் கொடுத்திருக்கிறார். காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் வடபுல வெளியேற்றமும் நிகழ்ந்த 1990ஐத் தொட்டு நிற்கும் நாவலில் இது சிறு குறையல்ல.

எனினும் நாவலில் ஒரு விதி உண்டு. அதற்காகவே இதனை மீண்டும் எடுத்தேன். ஆவி நினைத்த இடத்துக்கெல்லாம் போகமுடியாது. உடல் இருந்த இடத்துக்குப் போகலாம். அல்லது யாராவது தன் பெயரை உச்சரிக்கும் இடத்துக்குப் போகலாம்.

2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. மாதக்கணக்கான அகழ்வில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று கருத்துரைத்தார். 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காலக்கணிப்பைக் கொண்டு அவை 1950க்கு முற்பட்டவை எனப்பட்டது. 1989இல் இம்மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ அகழ்வு நடந்தபோது பாதுகாப்புச் செயலாளர்; 2019இல் ஜனாதிபதியானார். கொல்லப்பட்டோர் பலரின் கட்சியைச் சேர்ந்தவரும் இம்மாவட்டக் கலேவெலையில் பிறந்தவருமான அனுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியானார். எங்கள் புத்தகத்துக்குக் கடைசித் தாள் மட்டுமல்ல, பாத்திரங்களின் பெயர்களும் இல்லை.

அகழ்வு நடந்த நாட்களில் ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போயிருந்தேன். வேலிக்கு வெளியே, குடையை மடித்துக் கையில் வைத்தபடி ஒரு வயதான சிங்களப் பெண் நின்றிருந்தார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மகனின் பெயரை, முழுப்பெயரை, வாசகமவோடு சேர்த்து, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.